சத்தத்துக்கு ஒரு ஜெராக்ஸ்

“கலரா... பிளாக் அண்ட் வொயிட்டா சார்?”

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் ரொம்ப சீரியஸாகத்தான் கேட்டார். நாங்கள் எதைப் பிரிண்ட் எடுக்க வந்திருந்தோம் தெரியுமா? ஒரு சத்தத்தை. பொதட்டூர்பேட்டையில் ஓடும் ஒரு பவர்லூமின் சத்தத்தை!

“கலர்லயே போடுங்கண்ணா” என்றாள் பிரமீளா, அழாக்குறையாக.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் வீட்டுக்காரியை நன்றாகத் தெரியும். அவளுடைய தங்கை மகள்தான் பிரமீளா. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் பிசிக்ஸ் லெக்சரர். தற்காலிகம். ஆறு வருடமாகத் தற்காலிகம். இந்த மே மாதக் கடைசிக்குள் வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ் ஒன்றில் அவள் கட்டுரை வந்திருந்தால் வேலை நிரந்தரம். வரவில்லையென்றால் ஜூன் மாதம் அந்த நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கல்லூரி இதை ரொம்ப அன்பாக, ஒரு சர்க்குலரில் சொல்லிவிட்டது.

அவளும் சும்மா இல்லை. தறி ஓட்டுகிறவர்களின் காது என்ன ஆகிறது என்று மூன்று வருடமாக ஆராய்ச்சி செய்து, காது டாக்டர் ஒருவரையும் கூட்டு சேர்த்துக்கொண்டு, கட்டுரை எழுதி அனுப்பினாள். இதழ்க்காரர்களும் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் ஒரு கண்டிஷன் போட்டார்கள். பழையபடி பி.டி.எஃப். வேண்டாமாம். இனிமேல் எல்லாம் இன்டராக்டிவ், மல்டிமீடியா. படிக்கிறவர் கட்டுரையைத் தொட வேண்டும், கேட்க வேண்டும், இழுத்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆராய்ச்சிக் கட்டுரை என்றால் எப்படி இருக்க வேண்டும்? பக்கத்துக்கு இரண்டு பத்தி, எறும்பு சைஸில் எழுத்து, நடுவில் கோடு கோடாக ஒரு படம், அடியில் முப்பது பேருக்கு நன்றி. படிக்கிறவனுக்குப் புரிந்துவிட்டால் அது ஆராய்ச்சியா? நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிரமீளா செய்திருந்தது வேறு மாதிரி. கட்டுரையைத் திறந்தால் ஒரு முக்கோணம். அதை அமுக்கினால் தறி ஓடும். அதற்குக் கீழே ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு பொட்டு. பொட்டை விரலால் தள்ளினால் வருடங்கள் நகரும். தறிக்குப் புதிதாக வந்த ஆளுக்கு ஒரு பெண் குரல் எப்படிக் கேட்கும், பத்து வருடம் ஓட்டியவருக்கு எப்படி, இருபத்தாறு வருடம் ஓட்டியவருக்கு எப்படி... எல்லாவற்றையும் நம் காதாலேயே கேட்கலாம்.

சரி, இதைப் போய் ஏன் பிரிண்ட் எடுக்க வேண்டும்?

கல்லூரியில் ஆய்வுக் குழு என்று ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு ஃபைலில் வைக்க ஹார்ட் காப்பி மூன்று செட் வேண்டுமாம். ஸ்பைரல் பைண்டிங்கோடு. எடுத்தோம். தறிச் சத்தம் ஒரு சாம்பல் நிறக் கட்டமாக வந்தது. வருடங்கள் ஒரு கோடாக வந்தன. பிரமீளா பேசியிருந்த வீடியோ, அவள் கண் பாதி மூடி வாய் முழுக்கத் திறந்திருந்த ஒரு கணத்தில் உறைந்து வந்தது. மூன்று செட்டிலும் அதே வாய்!

குழுத் தலைவர் மூத்த பேராசிரியர். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவர் அந்தச் சாம்பல் கட்டத்தில் நின்றாராம். முக்கோணத்தை ஆள்காட்டி விரலால் ஒரு தட்டு தட்டினாராம். கொஞ்ச நேரம் காத்திருந்தாராம்.

“வேலை செய்யலியேம்மா?”

“சார், லிங்க்ல போய்க் கேக்கணும் சார். மெயில்ல அனுப்பியிருக்கேன்.”

“அது கெடக்கட்டும். மொத்தம் எத்தனை பக்கம்?”

“பக்கமே கிடையாது சார். கீழ இழுத்துக்கிட்டே போலாம்.”

“பக்கம் இல்லாம எப்படிம்மா? ஃபாரத்துல பக்க எண் எதிலிருந்து எதுவரைன்னு ஒரு கட்டம் இருக்கே... அதுல நான் என்ன எழுதறது?”

மூன்று வருட உழைப்பு அந்தக் கட்டத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் ‘ஒன்று முதல் இருபத்திரண்டு வரை’ என்று ஜெராக்ஸ் கடைக்காரர் போட்ட எண்ணையே எழுதிக்கொண்டார்கள். இப்போது பாக்கி ஒன்றே ஒன்றுதான். இதழ் அதை வெளியிட வேண்டும். அது என்ன பெரிய விஷயம் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தபோதுதான் ஒரு மெயில் வந்தது.

அந்த மெயிலைச் சொல்வதற்கு முன்னால், அந்தச் சத்தம் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

போன வருடம். பொதட்டூர்பேட்டைக்கு பிரமீளாவோடு நானும் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் இரண்டு லுங்கி வாங்க வேண்டியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி அந்தத் தெருவுக்குள் நுழைந்ததுமே தறிச் சத்தம் காதைப் பிடித்து உலுக்கியது. வீட்டுக்கு வீடு டக்கடா டக்கடா. பிரமீளாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

முதல் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினோம். டக்கென்று தறி நின்றது.

“வாங்க சார், வாங்கம்மா... ஒக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

அந்த ஊரில் அதுதான் மரியாதை. வீட்டுக்கு ஆள் வந்தால் தறியை நிறுத்த வேண்டும். வந்தவர் தொண்டை கிழியக் கத்திப் பேசும்படி விடக் கூடாது. சத்தம் வேண்டும், தறியை ஓட்டுங்கள் என்று பிரமீளா கெஞ்சினாள். “ஆங், ஓட்டலாம்மா, மொதல்ல காபி சாப்டுங்க” என்றார்கள். காபி வந்தது. அதற்குள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுத் தறி நின்றது. எதிர்வீட்டுத் தறி நின்றது. கால் மணி நேரத்தில் தெருவே கோயில் நடை சாத்தினது மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் எங்களைச் சுற்றி நின்றுகொண்டு, “எங்க தெருவுல சத்தம் ஜாஸ்தின்னு ஆராய்ச்சி பண்றாங்களாம்” என்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

நான்கு வீடு. நான்கு காபி. ரெக்கார்டரில் டம்ளர் சத்தம் மட்டும்.

ஐந்தாவது வீடு தேவராஜுடையது. இருபத்தாறு வருடமாகத் தறி ஓட்டுகிறவர். மனைவி வரலட்சுமி. அத்தை மகனைக் கட்டியவர் என்பதால் புருஷனை இன்றைக்கும் ‘பாவா’ என்றுதான் கூப்பிடுகிறார். அந்தம்மாதான் வழி சொன்னார். “நீங்க உள்ள வந்தா எந்த வூட்டுலயும் தறி ஓடாது மேடம். மெஷின என்னாண்ட குடுத்துட்டு தெருக்கோடில போய் நில்லுங்க. நான் வெளியாளு கெடயாதே... என்னைப் பாத்து யாரு நிறுத்தப் போறாங்க?”

அப்படியே செய்தோம். அரை மணி நேரம் தெருமுனை டீக்கடையில் நின்றோம். நடுவில் கரண்ட் வேறு போய்விட்டது. போச்சு என்று தலையில் கை வைத்தோம்.

வீட்டுக்கு வந்து கேட்டபோதுதான் தெரிந்தது, என்ன கிடைத்திருக்கிறது என்று! தறி ஓடுகிறது. வரலட்சுமி கூப்பிடுகிறார்: “பாவா! சோறு ஆறுது!” பதில் இல்லை. கரண்ட் போகிறது. தறி நிற்கிறது. வீடே நிசப்தம். அந்த நிசப்தத்தில் மறுபடியும், “பாவா... சோறு ஆறுதுன்னு சொல்றேன்ல?” பதில் இல்லை. மூன்றாவது தடவை. நான்காவது தடவை. இல்லை.

பிரமீளா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். “பெரியப்பா, இதுதான்! இதுதான் எனக்கு வேணும்!”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்து அந்தத் தெருக்காரர்களுக்கெல்லாம் காது டெஸ்ட் செய்தார். தேவராஜுக்குத்தான் இருப்பதிலேயே மோசம். ச, த, க மாதிரி எழுத்துகளெல்லாம் போய்விட்டன. வெறும் இழுவை மட்டும்தான் கேட்கிறது. ஆனால் எதிரில் நின்று பேசினால் டாண் டாண் என்று பதில் சொல்கிறார்! காரணம், தறிக்காரர்களுக்கு உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கிற பழக்கம் தானாக வந்துவிடுகிறது. அந்தச் சத்தத்தில் வேறு எப்படிப் பேசிக்கொள்வது? அதனால் அவருக்குக் காது போனது யாருக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை. “எனக்கு நல்லாத்தான் கேக்குது சார், மெஷின் ரிப்பேரு” என்றார்.

சரி, மனைவியாவது நம்பினாரா என்றால், அவர் அதற்கு மேல்.

“காது செவுடா? யாருக்கு? ஃபோன்ல நூல் லோடு வந்துகீதுன்னு காட்டினா மட்டும் ஓடறாரே! மூஞ்சிக்கு முன்னாடி வந்து நின்னு அண்ணன் தம்பிங்க கூப்டா பேசறாரே! எல்லாம் நடிப்பு மேடம். நான் சொன்னா மட்டும் காதுல வாங்க மாட்டாரு.”

இருபது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தும் அந்த இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம், பிரமீளாவின் ஆராய்ச்சி தப்பு என்பதுதான்.

இப்போது மெயிலுக்கு வருகிறேன். கட்டுரையில் கேட்கிற அந்தப் பெண் குரல் யாருடையதோ, அவர் அந்தக் கட்டுரையை முழுசாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள். இல்லையென்றால் கட்டுரை அடுத்த இதழுக்குப் போகும். அடுத்த இதழ் ஆகஸ்டில்.

ஆகஸ்டில் பிரமீளா வேலையில் இருக்க மாட்டாள்.

உடனே வரலட்சுமிக்கு லிங்கை அனுப்பலாம் என்று பார்த்தால், அன்றைக்குக் கிருத்திகை. கிருத்திகையன்று எங்களூரில் நெட் வேலை செய்யாது. மலைமேல் இருக்கிற அத்தனை பேரும் வீட்டில் இருக்கிறவர்களுக்கு வீடியோ காலில் கோபுரம் காட்டிக்கொண்டிருப்பார்கள். முருகனுக்கே சிக்னல் கிடைக்காது. சரி என்று சாதாரணமாகப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

“கையெழுத்தெல்லாம் போட முடியாது மேடம்” என்றார் வரலட்சுமி. எடுத்த எடுப்பிலேயே.

“ஏன்க்கா? உங்க பேரு எங்கயும் வராது. குரல் மட்டும்தான்.”

“பேருக்காக சொல்லல. போன மாசம் பின்னாடி தொட்டியாண்ட வழுக்கி வுழுந்துட்டேன். இடுப்புல நல்ல அடி. எழுந்துக்க முடியல. பாவா, பாவான்னு கத்திகினே கெடந்தேன். அன்னிக்கி தறிகூட ஓடல. உள்ளதான் தறில பாவு நூல சரி பண்ணிகினு ஒக்காந்துனு இருந்தாரு. வர்ல. எதிர்வீட்டுப் பொம்பள வந்து தூக்கிச்சு.”

பிரமீளா போனை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“அன்னியிலேர்ந்து நான் அந்தாளுகிட்ட பேசறதில்ல. தட்டுல போட்டு வெக்கறேன், சாப்டறாரு. அவருக்குக் கெட்டது காது இல்ல மேடம்... மனசு. நீங்க இன்னாடான்னா காதுதான் கெட்டுச்சுன்னு எழுதி அவருக்கு சர்ட்டிபிகேட் குடுக்கறீங்க. அதுக்கு நானே கையெழுத்து போடணுமா?”

போனை வைத்துவிட்டார். எனக்கு அந்தம்மாவின் நியாயம் புரிந்தது. புரிந்ததால்தான் பயமாக இருந்தது. பிரமீளா வேலையில்லாமல் எங்கள் வீட்டு ஹாலில் வந்து உட்கார்ந்திருப்பது கண்முன் தெரிந்தது.

வியாழக்கிழமை காலையிலேயே பஸ் ஏறினோம். லேப்டாப்பில் கட்டுரையை இறக்கி வைத்திருந்தாள். ஒரு நல்ல ஹெட்போனையும் கல்லூரி லேபிலிருந்து எடுத்துவந்திருந்தாள். நாங்கள் செருப்பைக் கழற்றியதும் வழக்கம்போலத் தறி நின்றது. தேவராஜ் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளேயே இருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார்.

“கையெழுத்து போட வேணாம்க்கா. ஒரு தடவ கேட்டுட்டு மட்டும் சொல்லுங்க” என்றாள் பிரமீளா.

வந்தவர்களை முகத்தில் அடித்தமாதிரித் திருப்பி அனுப்புகிற பழக்கம் அந்த வீட்டில் இல்லை. வரலட்சுமி பாயில் உட்கார்ந்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முதலில் பொட்டு கோட்டின் இடது கோடியில் இருந்தது. பிரமீளா முக்கோணத்தை அமுக்கினாள்.

வரலட்சுமிக்கு வெட்கம் வந்துவிட்டது. “யம்மா... நான் இவ்ளோ சத்தமாவா கத்தறேன்?”

“இப்ப நீங்களே இத இப்படித் தள்ளுங்கக்கா.”

தள்ளினார். பத்து வருடம். முகத்தில் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. இன்னும் தள்ளினார். இருபத்தாறு.

ஹெட்போனைக் கழற்றினார். ஒயரை இழுத்துப் பார்த்தார்.

“இன்னா மேடம், லூஸ் ஆயிகீதா? ஒண்ணுமே புரியல. யாரோ போர்வைக்குள்ள பேசற மாதிரி கீது.”

“லூஸ் இல்லக்கா. அது உங்க குரல்தான்.”

மறுபடி மாட்டிக்கொண்டார். பொட்டை இந்தக் கோடிக்குக் கொண்டுவந்தார். அந்தக் கோடிக்குக் கொண்டுபோனார். திரும்ப இந்தக் கோடி. திரும்ப அந்தக் கோடி. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. ஜெராக்ஸில் அசையாமல் கிடந்த அதே பொட்டுதான். அறிவியலைப் புரியாதபடி எழுத வேண்டும் என்கிற என் கொள்கையை அந்தப் பாயில் உட்கார்ந்தபடியே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

“இப்டிதான் அவருக்குக் கேக்குதா?”

“கிட்டத்தட்ட இப்படித்தான்க்கா.”

“இது வூட்டுக்குள்ளேர்ந்து கூப்ட்டது. தொட்டியாண்டயிருந்து கூப்ட்டா?”

பிரமீளா கொஞ்சம் தயங்கினாள். “அது... கேட்டே இருக்காதுக்கா.”

வரலட்சுமி புருஷனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இழையை முடிந்துகொண்டிருந்தார். மூன்றடி தூரத்தில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவருக்குத் துளியும் தெரியவில்லை. நான் மோட்டுவளையைப் பார்த்தேன்.

“ஒரு மாசம் மேடம்...” என்றார் வரலட்சுமி. “ஒரு மாசம் அந்த மனுசனை நான் மூஞ்சி குடுத்துப் பாக்கல.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எங்க போடணும்?” என்று கேட்டார். ஃபாரத்தை நீட்டினோம். நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

கட்டுரை அடுத்த வாரமே வந்துவிட்டது. பிரமீளா இப்போது நிரந்தரம். குழுவினர் வெளியானதையும் ஒரு பிரிண்ட் எடுத்து, அதே ஃபைலில் கோர்த்து, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். லிங்கை யாராவது திறந்தார்களா என்று கேட்டேன். “மெயில் பாத்ததாவே தெரியல பெரியப்பா” என்று சிரித்தாள். ஒருவரும் கேட்காத சத்தத்துக்காக ஒரு வேலை நிரந்தரமாகியிருக்கிறது. நாட்டில் எத்தனை வேலைகள் இப்படித்தானோ... எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. கையெழுத்துப் போட்டபிறகு அந்த வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

வரலட்சுமி எழுந்தார். கூப்பிடவில்லை. தறியைச் சுற்றிக்கொண்டு போய்ப் புருஷனுக்கு நேர் எதிரே நின்றார். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு மாதம் கழித்து முகத்துக்கு நேராக வந்து நிற்கிற பெண்டாட்டியைக் கண்டதும் கையிலிருந்த இழை நழுவியது. வரலட்சுமி உதட்டை மட்டும் நிதானமாக அசைத்தார். தறி ஓடாத வீடு. பின்னால் நின்ற எனக்குச் சுவர்க்கடிகாரம் கேட்டது. அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லை.

“சட்டைய மாட்டிகினு கெளம்பு பாவா... காது டாக்டராண்ட போலாம்” என்றுதான் சொன்னாராம். அப்புறம் பிரமீளா கேட்டுத் தெரிந்துகொண்டது.

தேவராஜ் முகத்தைச் சுளித்தார்.

“இப்ப எதுக்கு இந்தக் கத்து கத்தற? எனக்கு நல்லாத்தான் கேக்குது!”